வேட்டைக் கருவியா, வேலியா? பயிர்க் காவலைக் குறைந்த செலவில் எப்போது, எப்படி மேம்படுத்தலாம்?

கடலை காய் பிடிக்கிற நேரம். மாலையில் பார்த்தபோது நன்றாக இருந்த கொல்லை, காலையில் போய்ப் பார்த்தால் உழுது போட்டதுபோல் கிடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் வட்டாரத்தில் காடு, ஆர்.எஸ்.பதி தோப்பு, கண்மாய்ப் பாசன வயல், மானாவாரிக் கொல்லை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால் காட்டுப்பன்றி, மான், மயில், காட்டுமாடு ஆகியவற்றால் வரும் சேதம் இங்கே பலருக்கும் பழகிப்போன கவலை.

சேதம் வந்ததும் மனதில் முதலில் தோன்றுவது, "இன்னும் நல்ல கருவி ஒன்று வேண்டும்" என்பதுதான். பரணில் கிடக்கும் பழைய கண்ணியை எடுக்கலாமா, வெடி வைக்கலாமா, பெரிய டார்ச் வாங்கலாமா, வேலி போடலாமா என்று யோசிப்போம். அவசரத்தில் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. சில கருவிகள் ஜெயில் வரை கொண்டு போகும். சில உங்கள் வீட்டு ஆளின் உயிரையே எடுத்துவிடும். எந்தக் கருவியை விட வேண்டும், எதை வாங்க வேண்டும், எப்போது வாங்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் விட வேண்டிய கருவிகள்

தாத்தா காலத்தில் சுருக்குக் கண்ணி, வலை, ஈட்டி, நாட்டுத் துப்பாக்கி ஆகியவை காவல் கருவியாகவும் வேட்டைக் கருவியாகவும் இருந்தன. 1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை வேறு. சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குப் பொருள் சுடுவது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, வலை கட்டுவது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். உங்கள் சொந்தப் பட்டாவில் நடந்தாலும் அது குற்றமே.

இந்தச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. மயிலும் காட்டுமாடும் உச்சபட்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளன. இந்த அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றி, புள்ளிமான், முயல் ஆகியவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. "பன்றிதானே, யார் கேட்பார்" என்று நினைத்து இறங்க வேண்டாம்.

அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடியை ஒருபோதும் தொடக்கூடாது. பழத்திலோ மாவிலோ மறைத்து வைக்கும் இந்த வெடி பன்றி வாயில் மட்டும் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. மாடு கடித்தாலும் வெடிக்கும், நாய் கடித்தாலும் வெடிக்கும், பிள்ளை கையில் எடுத்தாலும் வெடிக்கும். 2020-இல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று இப்படிப்பட்ட வெடியால் வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது. அது நாடு முழுவதும் பேசப்பட்டது.

பி.வி.சி. குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் "கார்பைடு துப்பாக்கி"யையும் சிலர் மயில், குரங்கு விரட்ட வாங்குகிறார்கள். விலை மலிவு, சத்தம் பெரிது. ஆனால் வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் வெடித்தால் கண் போய்விடும். 2025 தீபாவளி நேரத்தில் மத்தியப் பிரதேசத்தில் இதனால் குழந்தைகள் உட்பட ஏராளமானோர் கண்ணில் காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு இது ஈடாகாது.

துப்பாக்கி பற்றி ஒரு விளக்கம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் உண்டு. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். வனவிலங்கைச் சுட அனுமதி அதில் இல்லை. உரிமம் இல்லாத பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால், யாராவது புகார் சொல்லும் வரை காத்திருக்காமல் கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

பன்றியைச் சுட அரசு அனுமதி தந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை இதுதான். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே. விவசாயி செய்ய வேண்டியது ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை மூலம் சேதத்தைத் தெரிவிப்பது. துப்பாக்கி வாங்குவதால் இதில் எந்தப் பயனும் இல்லை.

எலி மட்டும் விதிவிலக்கு

ஊரில் இன்றும் சட்டச் சிக்கல் இல்லாமல் நடக்கும் "வேட்டை" எலி வேட்டைதான். வயல் எலியைப் பிடிக்க வனத்துறை அனுமதி தேவையில்லை. மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர் கிட்டி இதற்கு நல்ல, மலிவான கருவி. அந்தியில் வைத்து விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும். கிட்டி பழையதாகி வில் தளர்ந்திருந்தால் எலி தப்பும். தப்பிய எலி மறுபடி கிட்டிப் பக்கம் வராது. அதனால் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் மாற்றினால் போதும். மொத்தமாகப் புதிது வாங்க வேண்டியதில்லை.

கிட்டியோடு வரப்பையும் கவனியுங்கள். அகலமான வரப்பில்தான் எலி வளை வைக்கும். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் வரப்பு தேவையில்லை. ஆந்தை உட்காருவதற்கு 'டி' வடிவக் குச்சிகளை ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரை நட்டு வைத்தால், இரவுக் காவலுக்குக் கூலி இல்லாத ஆள் கிடைத்த மாதிரி. இதற்கு வீட்டில் கிடக்கும் குச்சியே போதும்.

எந்த விலங்கு என்று கண்டுபிடித்த பிறகுதான் பணம்

காவல் கருவியில் பணம் வீணாவதற்கு முதல் காரணம், எந்த விலங்கு வந்தது என்று தெரியாமல் வாங்குவது. மயிலுக்காக வாங்கிய வலை பன்றியைத் தடுக்காது. பன்றிக்காகப் போட்ட வேலிக்கு மேலே மயில் பறந்து வரும். காலையில் கொல்லைக்குப் போனதும் முதலில் தடத்தைப் பாருங்கள்.

காட்டுப்பன்றி: மண்ணை மூக்கால் நோண்டிப் புரட்டியிருக்கும். செடி வேரோடு சாய்ந்து, காய் தின்ற தோல் சிதறிக் கிடக்கும். இரட்டைக் குளம்புத் தடத்துக்குப் பின்னால் இரண்டு சிறிய புள்ளிகளும் தெரியும்.

மான்: மண் புரளாது. கொழுந்தும் நுனியும் மட்டும் கடிபட்டிருக்கும். தடம் மெலிந்து கூர்மையாக இருக்கும்.

காட்டுமாடு: மாட்டுக் குளம்பைவிடப் பெரிய தடம். தின்றதைவிட மிதித்ததே அதிகமாக இருக்கும். இதற்கு நீங்களாக எதிரே போய் விரட்டக்கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மயில்: விதைத்த சில நாட்களிலேயே சால் ஓரமாகக் கிளறியிருக்கும். முளை கொத்துப்பட்டிருக்கும். மூன்று விரல் தடம் தெரியும். சேதம் காலையிலும் மாலையிலும்தான், இரவில் இல்லை.

எலி: நெல் தூர் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். பக்கத்து வரப்பில் வளையும் புது மண்ணும் இருக்கும்.

முள்ளம்பன்றி: தென்னங்கன்று, மரவள்ளியின் அடிப்பகுதியைக் கரண்டியிருக்கும். அங்கே முள் விழுந்து கிடக்கலாம்.

ஈரமான இடத்தில் தடம் தெளிவாக விழும். விலங்கு நுழைகிற வழியில் இரண்டு முழ நீளத்துக்கு மண்ணைக் கொத்திச் சமன் செய்து தண்ணீர் தெளித்து விட்டால், மறுநாள் யார் வந்தது, எத்தனை வந்தது என்று தெரிந்துவிடும். இதற்குச் செலவே இல்லை.

எப்போது மாற்றுவது? ஒரு நோட்டுக் கணக்கு

ஒரு பழைய நோட்டு போதும். சேதம் நடந்த தேதி, எந்த விலங்கு, எத்தனை சென்ட், பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று நான்கு விவரம் மட்டும் எழுதுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நிவாரணம் கேட்கும்போதும் இதுவே உதவும்.

பருவம் முடிந்ததும் கணக்குப் போடலாம். உதாரணமாக, ஒரு ஏக்கர் கடலையில் 10 சென்ட் அழிந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஏக்கருக்கு 10 மூட்டை எடுக்கிறவர் என்றால் ஒரு மூட்டை நட்டம். அதை அன்றைய மூட்டை விலையால் பெருக்குங்கள். இரவுக் காவலுக்குப் போன கூலி, டார்ச் பேட்டரிச் செலவையும் சேருங்கள். இதுதான் உங்கள் ஆண்டு நட்டம்.

அடுத்து கருவியின் ஆண்டுச் செலவு. விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுப் பராமரிப்பைக் கூட்டுங்கள். 30,000 ரூபாய்க்கு ஒரு வேலி, ஆறு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,000. பேட்டரி, களை எடுப்புக்கு 1,500 கூட்டினால் 6,500. இது கணக்குக்காகச் சொன்ன எண்தான். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பருவம் தொடர்ந்து ஆண்டு நட்டம் ஆண்டுச் செலவைவிட அதிகமாக இருந்தால் மாற்றலாம். ஒரே ஒரு தடவை வந்த சேதத்துக்குக் கடன் வாங்கி வேலி போட வேண்டாம். அது வழி தவறி வந்த விலங்காக இருக்கலாம். நட்டம் சிறிதாக இருந்தால், பயிரை மாற்றுவதோ ஓரத்தில் வேறு பயிர் போடுவதோ வேலியைவிட லாபம்.

இன்னும் இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். ஒன்று, பழைய உத்தி பழகிப்போய்விட்டது. ரிப்பனுக்குப் பக்கத்திலேயே மயில் மேய்கிறது, ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பன்றி அசையவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு, காவலுக்குப் போகிற ஆளின் உடம்பு தாங்கவில்லை. மாதக்கணக்கில் கொல்லையில் கண் விழித்து, பகலில் வேலையும் பார்க்கிறவரின் உடல்நலத்துக்கும் ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

முதல் படி: காசு அதிகம் போகாத மாற்றங்கள்

ஓரப் பயிர்: ஆமணக்கைக் காட்டுப்பன்றி தின்பதில்லை. கடலை, மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றி நான்கு வரிசை நெருக்கமாக ஆமணக்கு போட்டால் உள்ளே இருக்கும் பயிரின் வாசனையும் பார்வையும் மறையும். ஆமணக்கு விதையும் காசாகும். பிரதான பயிருக்கு முன்பே இதை விதைத்தால்தான் காய் பிடிக்கும் நேரத்தில் மறைப்பு இருக்கும்.

ரிப்பன்: மயிலுக்கும் மற்றப் பறவைகளுக்கும் ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளியாக மின்னும் ரிப்பனைப் பயிருக்கு ஒரு அடி மேலே வடக்குத் தெற்காக முறுக்கிக் கட்டவும். முறுக்கினால்தான் காற்றில் ஒலியும் ஒளியும் வரும். விதைப்பு முதல் முளைப்பு வரையான நாட்களுக்கு மட்டும் கட்டி, பிறகு அவிழ்த்து வையுங்கள். ஆண்டு முழுவதும் தொங்கினால் பறவைக்குப் பயம் போய்விடும்.

நாற்றங்கால் வலை: நாற்றங்கால் சில சென்ட்தான். அதற்கு மட்டும் வலை போடுவது கட்டுப்படியாகும். முழு வயலுக்கும் போட வேண்டாம். வலையைத் தரையோடு தளர்வாக விடாதீர்கள். அதில் மயிலோ பாம்போ சிக்கினால் உங்களுக்குத்தான் சிக்கல்.

சத்தமும் ஒளியும்: மெமரி கார்டு போட்ட ஒலிபெருக்கி, இரவில் விட்டு விட்டு எரியும் சோலார் விளக்கு இரண்டும் சில நாட்கள் நன்றாக வேலை செய்யும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இடத்தையும் சத்தத்தையும் மாற்றுங்கள். காய் முற்றும் கடைசி இரண்டு மூன்று வாரத்துக்கு இவற்றை ஒதுக்கி வைத்தால் பலன் அதிகம்.

தலை விளக்கு: காவலுக்குப் போகிறவருக்குக் கையில் பிடிக்கும் டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் விளக்கு நல்லது. இரண்டு கையும் சும்மா இருக்கும், காலடியில் பாம்பு இருந்தாலும் தெரியும். முழங்கால் வரை வரும் பூட்ஸும் வாங்குங்கள். விலங்கை விரட்டும் கருவி வாங்குமுன் ஆளைக் காக்கும் கருவி வாங்குவதே சரியான வரிசை.

இரண்டாம் படி: உயிர்வேலி

நம் ஊர் மண்ணுக்கு ஏற்ற மலிவான வேலி கிளுவை. மழைக்காலத்தில் போத்தை வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால் தழைத்துவிடும். நடுவே சூரை முள், இரயில் கற்றாழை சேர்த்தால் அடிப்பக்கம் அடையும். ஆள் நுழையாத அளவுக்கு அடர்த்தியாக இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதனால் இன்று கம்பிவேலிக்குக் காசு இல்லாதவர் இந்த மழையிலேயே கிளுவை நட வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத் தேவைப்படும் கம்பியின் அளவு பாதியாகக் குறையும்.

முள்கம்பியை மட்டும் நம்ப வேண்டாம். பன்றி அடியில் மண்ணைத் தோண்டி நுழையும். மாடும் நாயும்தான் கிழிபடும். கம்பிவலை போடுகிறவர்கள் அடியில் அரை அடியாவது மண்ணுக்குள் புதைத்தால்தான் பன்றிக்குத் தடை.

மூன்றாம் படி: சூரிய மின்வேலி

பன்றித் தொல்லை தொடர்ந்து இருக்கிற இடத்தில் பலன் தருவது சூரிய சக்தி மின்வேலி. இதன் வேலை முறையைப் புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். சூரியத் தகடு 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற பெட்டி மின்சாரத்தை எடுத்து, சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில், சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை துடிப்பாகக் கம்பியில் அனுப்பும். ஒரு துடிப்பு நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். தொட்ட விலங்குக்குச் சுரீர் என்று அடிக்கும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் விலகிக்கொள்ள நேரம் இருக்கும். அதனால் உயிர் போகாது, பயம் மட்டும் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தர எண் எனர்ஜைசரில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் "ஜட்கா மெஷின்" என்ற பெயரில் விற்கும் எல்லாப் பெட்டியிலும் இந்தத் தரம் இருப்பதில்லை. எண் இல்லாத பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பணம் குறைவாக இருந்தால் கம்பி வரிசையைக் குறையுங்கள், எனர்ஜைசர் தரத்தைக் குறைக்காதீர்கள். பன்றிக்கு மட்டும் என்றால் இரண்டு கம்பி போதும். தரையிலிருந்து முக்கால் அடியில் ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று. பிறகு பணம் வரும்போது மானுக்காக மேலே வரிசை கூட்டலாம்.

தூணில் மிச்சம் பிடிக்கலாம். மூங்கில், ஆர்.எஸ்.பதி கம்பு, உடைந்த கல்தூண் எதுவும் ஆகும். ஆனால் ஒவ்வொரு தூணிலும் இன்சுலேட்டர் கட்டாயம். சைக்கிள் டியூப் துண்டு மழையில் கசியும். கம்பியை உயிர்மரத்தில் நேரடியாகக் கட்டினாலும் மின்சாரம் மரம் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும்.

எர்த் கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பகுதிச் செம்மண், சரளை மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும். எர்த் சரியில்லை என்றால் விலைகூடிய எனர்ஜைசரும் அடிக்காது. ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாக அடித்து, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். பம்புசெட்டின் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

முள்கம்பியில் இந்த மின்சாரத்தை விடக்கூடாது. அதில் சிக்கிய உயிரால் விலக முடியாது. ஒரே வேலியில் இரண்டு எனர்ஜைசரையும் இணைக்கக்கூடாது. பாதை ஓரத்தில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

பழைய எனர்ஜைசர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் வேலி மீட்டரால் சோதித்த பிறகே. சாதாரண மல்டிமீட்டரில் இதைச் சோதிக்க முடியாது. வேலியின் கடைக்கோடியில் 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் பன்றியின் தடித்த தோலுக்கு உறைக்கும். பழைய பேட்டரியை மட்டும் வாங்கவே வேண்டாம்.

வேலி போட்டபின் வாரம் ஒருமுறை சுற்றி வாருங்கள். கம்பியில் புல் தொட்டால் அங்கே மின்சாரம் இறங்கிவிடும். பேட்டரியில் வடிநீர் அளவு பாருங்கள், சூரியத் தகட்டின் தூசியைத் துடையுங்கள். பெரும்பாலான வேலி கெட்டுப்போவது பழுதால் அல்ல, புல் எடுக்காததால்தான்.

சேர்ந்து போட்டால் பாதிச் செலவு

சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றிவர சுமார் 255 மீட்டர் வேலி வேண்டும். நான்கு பேர் தனித்தனியாக ஆளுக்கு ஒரு ஏக்கருக்குப் போட்டால் மொத்தம் 1,020 மீட்டர். அதே நான்கு ஏக்கரும் ஒட்டியிருந்து, சேர்த்து ஒரே சதுரமாகச் சுற்றினால் சுமார் 510 மீட்டர்தான். கம்பி பாதி, தூண் பாதி. எனர்ஜைசர், பேட்டரி, சூரியத் தகடு நான்குக்குப் பதில் ஒன்று. ஒன்பது ஏக்கரைச் சேர்த்தால் ஏக்கருக்கு 85 மீட்டர்தான் வரும்.

ஆனால் பங்கு வேலி பாதியில் கெட்டுப்போவதும் உண்டு. யார் எந்தப் பக்கம் புல் எடுப்பது, பேட்டரி மாற்றும்போது யார் எவ்வளவு தருவது, பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பங்காளியாக இருந்தாலும் எழுதுவது நல்லது. பின்னால் மனஸ்தாபம் வராது.

சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத் திட்டம் நடந்து வருகிறது. மானிய அளவும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் கம்பி வாங்குவதற்கு முன்பே உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, உழவன் செயலியில் பதிந்துவிடுங்கள். வேலை முடித்துவிட்டுப் பில்லோடு போனால் மானியம் கிடைப்பது கடினம். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-இல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்துள்ளது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் மாவட்ட வன அலுவலரின் அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பம்புசெட் கரண்ட்டை வேலியில் விடாதீர்கள்

"சோலார் அடி பத்தாது, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பம்புசெட் மின்சாரம் துடிப்பாக வருவதில்லை, இடைவிடாமல் பாயும். தொட்டவரின் தசை இறுகிக் கம்பியையே பிடித்துக்கொள்ளும், விலக முடியாது. இரவில் மோட்டார் போடப் போகிறவர், தண்ணீர் பாய்ச்சுகிறவர், மாடு தேடி வருகிற பக்கத்துக் கொல்லைக்காரர் ஆகியோரே இப்படிப்பட்ட வேலியில் சிக்குகிறார்கள். தான் போட்ட வேலியில் தானே இறந்த விவசாயிகளும் தமிழ்நாட்டில் உண்டு.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகப் போடப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தனித்து நின்றன. விவசாயி கைது செய்யப்பட்டார். மனிதர் இறந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த வழக்கு வரும். மின் திருட்டு வழக்கும் சேரும், மின் இணைப்பும் போகும். ஒரு மூட்டை கடலைக்காக ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம் அழிந்துபோகும்.

இப்படி ஒரு வேலி உங்கள் ஊரில் இருப்பது தெரிந்தால் போட்டவரிடம் நேரில் பேசி எடுக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வழியில் நாளை நடப்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சேதம் ஆன பிறகு

எல்லாம் செய்தும் சேதம் வந்தால், கலைந்த செடியை உடனே சரி செய்யாதீர்கள். முதலில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் தயாராக வையுங்கள். வனவிலங்கால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு அரசு நிவாரணம் உண்டு.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு மாற்றம் வந்துள்ளது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரீஃப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு தெரிவிக்க வேண்டும். எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவிக்கும். பிரீமியம் கட்டும்போதே உங்கள் பயிருக்கும் ஊருக்கும் இது பொருந்துமா என்று கேளுங்கள்.

எந்த மாதத்தில் என்ன செய்வது?

மாசி, பங்குனி: அறுவடை முடிந்ததும் நோட்டுக் கணக்கைப் போடுங்கள். எலி வளைகளை வெட்டுங்கள், வரப்பைச் செதுக்குங்கள்.

சித்திரை: மானியத்துக்குப் பதியுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்களைக் கூட்டிப் பேசுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். சேதம் நடக்கும் மாதத்தில் போனால் பேரம் பேச முடியாது.

வைகாசி, ஆனி: வேலி போடுவதாக இருந்தால் இப்போதே போடுங்கள். காய் தின்று ருசி கண்ட பன்றி அடி வாங்கினாலும் முட்டிக்கொண்டு உள்ளே வரும். பயிர் சிறிதாக இருக்கும்போதே கம்பியில் மூக்கை வைத்து அடி வாங்கியது, அந்தப் பக்கம் வரத் தயங்கும்.

ஆடி: விதைப்போடு ரிப்பன், நாற்றங்கால் வலை. ஓரத்தில் ஆமணக்கு.

ஐப்பசி, கார்த்திகை: மழை ஈரத்தில் கிளுவை நடவு. வேலியோரப் புல்லை வாரம் தவறாமல் எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேளுங்கள். 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரம் கொல்லைக்குப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தடம், எத்தனை சென்ட் என்று முதல் வரியை எழுதுங்கள். அடுத்த ஆண்டு எதற்குப் பணம் போடுவது, எதற்குப் போட வேண்டாம் என்பது அந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும்.